எவ்வளவு இரத்தம் மாறியது?

(திருவண்ணாமலையில் நடைபெற்ற கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கான பணிமனையில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் வகுப்பு எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இந்த வேளையில் எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி நடத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே சூத்திரத்தில் தொடங்கப் போவதில்லை. என் வீட்டில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சூத்திரம் தானே வந்து சேரும்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் என் இரண்டாவது மகள் பிறந்தாள். மூன்று கிலோ எடை, நல்ல அழுகை. மறுநாள் காலையில் குழந்தையைக் குளிப்பாட்ட வந்த என் மாமியார், முகம் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு அவரே ஆறுதலும் சொன்னார்: "மாப்பிள்ளை, இதுக்கெல்லாம் அலையாதீங்க. காலை வெயில்ல நாலு நாள் காட்டினா சரியாப் போயிடும். உங்க பொண்டாட்டிக்கே அப்படித்தான் இருந்துச்சு." மதியத்துக்குள் மஞ்சள் வயிறுவரை இறங்கிவிட்டது. பால் குடிக்கவும் எழுந்திருக்கவில்லை.

என் மனைவிக்கு ஓ நெகட்டிவ். எனக்கு ஓ பாசிட்டிவ். மூத்த மகளும் பாசிட்டிவ். முதல் பிரசவம் முடிந்து 72 மணி நேரத்துக்குள் ஓர் ஊசி போட்டிருக்க வேண்டும். அதைப் போடச் சொன்னார்களா, சொல்லி நாங்கள் மறந்தோமா என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்றும் தீரவில்லை. ஊசி போடவில்லை என்பது மட்டும் உறுதி. நான் அறிவியல் பாடமும் நடத்தியவன். ஆர்எச் காரணியைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன். என் வீட்டுக் காகிதத்தில் எழுதியிருந்த நெகட்டிவ் என்ற சொல்லை மட்டும் நான் வாசிக்கவே இல்லை.

அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்கு ஊரே திரண்டிருந்தது. பேருந்துகளை எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கார் ஒன்று பிடித்து, கூட்டத்தை நீந்திக் கடந்து போளூர் சாலையைத் தொடவே நெடுநேரம் ஆயிற்று. கண்ணமங்கலம் தாண்டி வேலூர் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. குழந்தையைப் பார்த்த மருத்துவர் பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்தார். அது வந்ததும் சுருக்கமாகச் சொன்னார்: "சார், ரத்தத்தை மாத்தணும்."

மருத்துவமனையில் அதை 'எக்ஸ்சேஞ்ச்' என்றே சொல்கிறார்கள். இரத்தப் பரிமாற்றம். குழந்தையின் இரத்தத்தைக் கொஞ்சம் எடுப்பது, அதே அளவு வேறொருவர் இரத்தத்தைச் செலுத்துவது, மறுபடி எடுப்பது, மறுபடி செலுத்துவது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் இருக்கும் சிரை சில நாள்வரை திறக்கக்கூடியதாக இருக்கும். அதன் வழியே ஒரு மெல்லிய குழாய். குழாயின் முனையில் மூன்று வழித் திருகு, ஒரு சிரிஞ்சு. இந்தத் தொப்புள் வழியை 1940-களின் பிற்பகுதியில் பாஸ்டன் நகரில் லூயிஸ் டயமண்ட் என்ற குழந்தை மருத்துவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதற்கும் முன்பு 1925-இல் கனடாவின் டொரான்டோவில் ஹார்ட் என்பவர் உச்சிக்குழி அருகிலுள்ள சிரையிலிருந்து எடுத்து, கணுக்காலில் செலுத்திப் பார்த்திருக்கிறார். ஆர்எச் காரணி கண்டறியப்படுவதற்கே இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. காரணம் தெரியாமலே சிகிச்சை கண்டுபிடித்திருக்கிறார்.

கண்ணாடிக் கதவு வழியே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் சிரிஞ்சை மெதுவாக இழுக்கிறார். செவிலியர் ஒரு தாளில் எழுதுகிறார்: அவுட் 15. சிறிது நேரம் கழித்து: இன் 15. பிறகு மீண்டும் அவுட் 15. இப்படியே ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நாம் வருகைப் பதிவேட்டில் கோடு போடுவது போல அந்தத் தாளில் கோடுகள் ஏறிக்கொண்டே போயின. முப்பத்திரண்டு வரிசை.

வெளியே வந்த மருத்துவரிடம் கேட்டேன்: "டாக்டர், முழு ரத்தமும் மாத்திட்டீங்களா?"

"எண்பத்தேழு சதவீதம் மாறியிருக்கும் சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தையின் உடலில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு இரத்தம் செலுத்தியிருக்கிறார்கள் என்று செவிலியர் சொல்லியிருந்தார். இரண்டு மடங்கு செலுத்தியும் 13 சதவீதம் எப்படி மிஞ்சும்? யாராவது கவனக்குறைவாக இருந்துவிட்டார்களா? நண்பர்களே, பயந்துபோன மனிதன் முதலில் தேடுவது குற்றவாளியைத்தான். அந்த மருத்துவருக்கு நான் கணக்கு வாத்தியார் என்று தெரியாது. நல்லவேளை. தெரிந்திருந்தால் எனக்குத்தான் மானக்கேடு. ஏனென்றால் அது எட்டாம் வகுப்புக் கணக்கு.

இப்போது கணக்குக்கு வருவோம்.

பிறந்த குழந்தைக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 80 மி.லி. இரத்தம். மூன்று கிலோ குழந்தைக்கு 240 மி.லி. ஒரு பெரிய டம்ளர் அளவு, அவ்வளவுதான். ஒரு தடவைக்கு எடுப்பது 15 மி.லி. அதாவது பதினாறில் ஒரு பங்கு.

இதை நம் மாணவர்களிடம் கேட்டால் என்ன சொல்வார்கள்? 240-ஐ 15-ஆல் வகுத்தால் 16. ஆகவே பதினாறு தடவையில் பழைய இரத்தம் முழுவதும் போய்விடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் அன்றிரவு மருத்துவமனை வராந்தாவில் அப்படித்தான் நினைத்தேன். இரத்தம் ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் அந்த விடை சரி. பழைய பெட்டிகளைக் கழற்றிவிட்டு, பின்னால் புதிய பெட்டிகளைக் கோத்துக்கொண்டே போகலாம். ஆனால் பச்சைக் குழந்தையின் உடலில் இரத்தம் ஒரு நிமிடத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். இப்போது செலுத்திய புதிய இரத்தம் அடுத்த இழுப்புக்குள் பழையதோடு கலந்திருக்கும். இரண்டாம் தடவை எடுக்கும் 15 மி.லி.யில் நாம் சற்றுமுன் போட்டதும் கொஞ்சம் வந்துவிடும். பத்தாம் தடவையில் நிறையவே வரும்.

ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் பழைய இரத்தம் 15 மி.லி. குறைவதில்லை, இருப்பதில் பதினாறில் ஒரு பங்கு குறைகிறது. முதல் சுற்றுக்குப் பின் 15/16 பங்கு மிச்சம். இரண்டாவதுக்குப் பின் அதில் 15/16. கூட்டுத் தொடர்வரிசை என்று நாம் நினைத்தது பெருக்குத் தொடர்வரிசை. எட்டாம் வகுப்பில் தேய்மானம் நடத்துகிறோமே, இயந்திரத்தின் மதிப்பு ஆண்டுக்கு இத்தனை சதவீதம் குறைகிறது என்று, அதே கணக்கு. ஆண்டுக்குப் பதில் சுற்று. இயந்திரத்துக்குப் பதில் என் மகளின் பழைய இரத்தம்.

15/16-ஐப் பதினாறு தடவை பெருக்கினால் 0.356. அதாவது ஒரு மடங்கு இரத்தம் செலுத்தி முடித்தபோது 64 சதவீதம் மாறியிருக்கும். முப்பத்திரண்டு தடவை பெருக்கினால் 0.127. மருத்துவர் சொன்ன 87 சதவீதம். நாற்பத்தெட்டுத் தடவை, அதாவது மூன்று மடங்கு செலுத்தினால் 95 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். எத்தனை தடவை செய்தாலும் நூறு வராது.

இதில் நான் இன்னொன்றையும் கணக்கிட்டேன். அதுதான் என்னை அதிகம் உலுக்கியது. கொடையாளியின் இரத்தம் எங்கே போயிற்று? முதல் 240 மி.லி. செலுத்தியபோது குழந்தையின் உடலில் தங்கியது 155 மி.லி.; மீதி 85 மி.லி. கழிவுப் பையில். இரண்டாவது 240-இல் தங்கியது 55 மட்டுமே. 185 கழிவுப் பைக்குப் போனது. மூன்றாவது 240 செலுத்தியிருந்தால் 20 மி.லி. தங்கியிருக்கும், 220 வீண். முப்பத்திரண்டாம் தடவை இழுத்த 15 மி.லி.யில் என் மகளின் சொந்த இரத்தம் வெறும் 2 மி.லி. மற்ற பதின்மூன்றும் யாரோ ஒருவர் கொடுத்தது.

ஓ நெகட்டிவ் இரத்தம் நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. எல்லா நெகட்டிவ் வகையும் சேர்த்தே நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். நம் ஊரில் ஒருவர் ஒரு முறை கொடுப்பது பெரும்பாலும் 350 மி.லி. அன்று எங்களுக்கு அது எப்படிக் கிடைத்தது என்று பிறகு கேட்டேன். கல்லூரி மாணவர்கள் சிலர் கொடுத்தது என்றார்கள். மூன்றாவது மடங்கு வரை போகலாம். ஆனால் அதற்காகும் இரத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் குழந்தையிடம் நிற்காது, ஆபத்தும் நேரமும் கூடும். எனவே உலகம் முழுவதும் இரண்டு மடங்கோடு நிறுத்துகிறார்கள். மருத்துவர் பாதியில் நிறுத்திவிட்டாரோ என்று நான் சந்தேகப்பட்ட இடம், கணக்குத் தெரிந்தவர் நிறுத்த வேண்டிய இடம்.

ஒரு புத்திசாலி மாணவன் இங்கே குறுக்குக் கேள்வி கேட்பான். என் வகுப்பில் கேட்டான். "சார், எதுக்குக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும்? பாதிப் பாதியா எடுத்தா?" கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்கு 120 மி.லி. எடுத்து 120 செலுத்தினால், நான்கே தடவையில் அதே 480 மி.லி. முடிந்துவிடும். மிச்சம் அரையின் நான்காம் அடுக்கு, 6.25 சதவீதம். 13 சதவீதத்தைவிட நல்ல விடை! இன்னும் ஒரு படி மேலே போய், 240-ஐயும் ஒரேயடியாக எடுத்துவிட்டுப் புதியதை நிரப்பினால் மிச்சம் பூஜ்யம். முழு மதிப்பெண். நம் அய்யங்குளத்தைத் தூர்வாரும்போது அப்படித்தான் செய்வோம்: வற்ற இறைத்து, சேற்றை அள்ளி, புது நீர் விடுவோம். குளம் அதைத் தாங்கும். பாதி இரத்தத்தை இழந்த குழந்தையின் இதயம் அடுத்த சிரிஞ்சு வரும்வரை தாங்காது. வெறும் கணக்கு எந்த விடையைச் சிறந்தது என்கிறதோ, அதே விடை குழந்தையைக் கொன்றுவிடும். இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகும். அந்த அமைதிக்காகவே இந்தப் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன்.

சரி, அளவைக் குறைத்தால் எவ்வளவு நட்டம்? அதுவும் சுவையானது. 15-க்குப் பதில் 10 மி.லி.யாக 48 தடவை செய்தால் மிச்சம் 13.0 சதவீதம். 5 மி.லி.யாக 96 தடவை செய்தால் 13.3. ஒரு பக்கம் சொட்டுச் சொட்டாக எடுத்துக்கொண்டே மறுபக்கம் சொட்டுச் சொட்டாக விட்டாலும் 13.5-ஐத் தாண்டாது. மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் சிரிக்கிறீர்கள். ஆமாம், அது 'இ' என்ற மாறிலியின் வர்க்கத்தின் தலைகீழ். சிறிய அளவில் எடுப்பதால் நட்டம் ஒரு சதவீதம்கூட இல்லை. குழந்தைக்குக் கிடைக்கும் பாதுகாப்போ பெரிது. எடை குறைந்த குழந்தைக்கு 5 மி.லி.யாக எடுப்பதன் நியாயம் இதுதான்.

எடுத்துவிட்டுச் செலுத்துவதா, செலுத்திவிட்டு எடுப்பதா என்பதிலும் வேறுபாடு உண்டு. முதலில் செலுத்தினால் 240 என்பது 255 ஆகிவிடும். அதிலிருந்து 15 எடுக்கும்போது பதினேழில் ஒரு பங்குதான் வெளியேறும். முடிவில் 14.4 சதவீதம் மிஞ்சும். இதை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். பத்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் திணறுவார்கள், திணறட்டும்.

இனி அறிவியல் ஆசிரியர்களுக்கு.

87 சதவீத இரத்தம் மாறியது என்றால் மஞ்சள் காமாலையும் 87 சதவீதம் குறைய வேண்டும் அல்லவா? குறையவில்லை. மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின், பரிமாற்றம் முடிந்தவுடன் ஏறத்தாழ பாதியாகத்தான் குறையும். சில மணி நேரத்தில் மறுபடி ஏறி, முதலில் இருந்ததில் அறுபது சதவீதம் அளவுக்கு வந்து நிற்கும். 24 என்று இருந்தது 12-க்கு இறங்கி, பிறகு 14, 15 என்று ஏறும். மறுநாள் காலையில் அந்த எண்ணைப் பார்த்து என் மனைவி அழுதாள். சிகிச்சை தோற்றுவிட்டது என்று நினைத்தாள்.

தோற்கவில்லை. பிலிருபின் இரத்தத்தில் மட்டும் இல்லை. தோலில், கொழுப்பில், மற்ற திசுக்களில் எல்லாம் ஊறிக் கிடக்கிறது. அதனால்தானே தோலே மஞ்சளாகத் தெரிகிறது! இரத்தத்தில் குறைந்தவுடன் திசுவில் இருப்பது இரத்தத்துக்குத் திரும்புகிறது. இரண்டு மணி நேரம் பரிமாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே அது திரும்பிக்கொண்டிருக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளும் அப்படித்தான். அதில் ஏறத்தாழ பாதி இரத்தக் குழாய்களுக்கு வெளியே இருக்கிறது. சில குழந்தைகளுக்கு இரண்டாம் முறை பரிமாற்றம் தேவைப்படுவது இதனால். என் மகளுக்குத் தேவைப்படவில்லை. நீல விளக்கின் கீழே நான்கு நாள் இருந்தாள்.

பிறகு இந்தச் சிகிச்சையால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஒன்று, எதிர்ப்பொருள் தாக்குவது பாசிட்டிவ் சிவப்பணுக்களை. அவற்றில் பெரும்பகுதி வெளியேறி, தாக்க முடியாத நெகட்டிவ் அணுக்கள் உள்ளே வந்துவிட்டன. மஞ்சளை உற்பத்தி செய்யும் அடுப்பில் விறகு குறைந்துவிட்டது. இரண்டு, பிலிருபின் ஓர் அளவைத் தாண்டினால் மூளைக்குள் படியும். படிந்துவிட்டால் அதை எடுக்க வழியில்லை. அந்த எல்லையைத் தொடுவதற்குள் பாதியாகக் குறைப்பதுதான் அன்றிரவின் அவசரம்.

மூளையில் படிந்தால் என்ன ஆகும் என்பதை நம்மில் சிலர் வகுப்பறையில் பார்த்திருக்கிறோம், பெயர் தெரியாமல். கை கால்கள் தாமாக முறுக்கிக்கொள்ளும் ஒருவகை மூளை முடக்குவாதம், காது கேளாமை, கண்ணை மேலே உயர்த்திப் பார்க்க முடியாமை. அறிவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், உடல் ஒத்துழைக்காது. என் வகுப்பில் காதுக் கருவி அணிந்த ஒரு பையன் இருந்தான். கணக்கில் சூரன். பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் வந்ததென்றும், நான்கு நாள் வெயிலில் காட்டினோமென்றும் அவன் அம்மா சாதாரணமாகச் சொன்னார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்த அம்மாவிடம் அன்று நானும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் அடுத்த பிரசவத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டும்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. பாட்டிமார்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்ற செவிலியர், நல்ல வெயில் நாளில் குழந்தைகளை முற்றத்துக்கு எடுத்துப் போவார். ஒருநாள் ஒரு குழந்தையின் உடலெல்லாம் வெளுத்திருக்க, துணி மூடியிருந்த ஒரு பகுதி மட்டும் மஞ்சளாக இருப்பதை மருத்துவர்களுக்குக் காட்டினார். அங்கிருந்துதான் ஒளிச் சிகிச்சை பிறந்தது; கிரெமரும் அவர் தோழர்களும் 1958-இல் அதை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் உற்றுநோக்கல்! செய்முறை ஏட்டில் உற்றுநோக்கல் என்ற தலைப்புக்குக் கீழே பிள்ளைகள் ஒரு வரியோடு நிறுத்தும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஆனால் மருத்துவமனை விளக்கு தேவையான நீல ஒளியை மட்டும், தேவையான அளவில், இரவு பகலாகத் தருகிறது. நம் வீட்டுத் திண்ணையில் கால் மணி நேரம் விழும் இளவெயில் அந்த வேலையைச் செய்யாது. பத்துக் குழந்தைகளில் ஆறு பேருக்கு லேசான மஞ்சள் வந்து தானே போய்விடும். வெயிலில் காட்டியவர்கள் வெயிலால் போயிற்று என்கிறார்கள். பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ வெயிலுக்குக் காத்திருக்கக் கூடாது.

ஒளிச் சிகிச்சையும் அந்த ஊசியும் வந்த பிறகு பரிமாற்றத்தின் தேவை பெரிதும் குறைந்துவிட்டது. இளம் மருத்துவர்கள் பலர் பயிற்சிக் காலத்தில் ஓரிரு முறைதான் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல செய்தி. அந்த ஊசியின் பெயர் ஆன்டி-டி. 1968-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதைத் தயாரிக்க மனிதர்களின் பிளாஸ்மாதான் வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் இதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை கொடுத்திருக்கிறார். 2018-இல் வயது வரம்பு காரணமாகத்தான் நிறுத்தினார்.

பரிமாற்றம் என்பது பச்சைக் குழந்தைகளோடு முடிவதில்லை. நம் மாநிலத்தில் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணுச் சோகை இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-இல் எழுதினார்கள். இந்தியாவில் அந்நோய் பற்றிய தொடக்கச் செய்திகளில் அது ஒன்று. அந்த நோயுள்ள பிள்ளைக்குப் பக்கவாதம் வந்தால், அரிவாள் வகை ஹீமோகுளோபினை 30 சதவீதத்துக்குக் கீழே இறக்க இதே பரிமாற்றத்தைச் செய்வார்கள், இப்போது பெரும்பாலும் இயந்திரத்தின் துணையோடு. அங்கும் இலக்கு பூஜ்யம் இல்லை. முப்பது போதும். நம் பதினாறில் ஒரு பங்குக் கணக்கிலேயே போட்டால் பத்தொன்பதாம் சுற்றில் முப்பதுக்குக் கீழே வந்துவிடும். எத்தனை சுற்று என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

இனி ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பு அறிவியலில் இரத்த வகைகளும் ஆர்எச் காரணியும் வருகின்றன. லாண்ட்ஸ்டெய்னர், வீனர், 1940, ரீசஸ் குரங்கு என்று ஒரு மதிப்பெண் வினாவுக்குத் தயார் செய்துவிட்டு நாம் போய்விடுகிறோம். மாணவர் அடையாள அட்டையில் இரத்த வகைக்கு ஓர் இடம் இருக்கிறது. என் பள்ளியில் பாதி அட்டைகளில் அந்த இடம் காலி. இன்னும் சிலவற்றில் அப்பாவின் வகையை அப்படியே எழுதியிருந்தார்கள். அந்தப் பாடம் நடத்தும் வாரத்தில் பெற்றோர் ஒப்புதலோடு ஆரம்பச் சுகாதார நிலையத்தின் உதவியில் வகையைப் பார்த்து நிரப்பிவிடலாம்.

நெகட்டிவ் என்று வரும் பெண் பிள்ளைகளிடம் பேசும்போது கவனம் தேவை. அது நோய் இல்லை, குறையும் இல்லை. ஜாதகத்தோடு சேர்த்துப் பொருத்தம் பார்க்கும் பட்டியலில் இதையும் சேர்த்துவிடாதீர்கள் என்று அம்மாக்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எங்கள் தெருவிலேயே ஒரு சம்பந்தம் இதற்காக நின்றது. பிள்ளைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: "என் வகை நெகட்டிவ். கருவுற்றால் முதல் முறை மருத்துவரைப் பார்க்கும்போதே இதைச் சொல்வேன். பிறக்கும் குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஊசி. கரு கலைந்தாலும் ஊசி பற்றிக் கேட்பேன்." அரசு மருத்துவமனைகளிலும் அதைப் போடுகிறார்கள். என் மனைவி பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். இந்த நான்கு வாக்கியத்தை அவளிடம் யாரும் சொன்னதில்லை. நான் உட்பட.

இளைய மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஒரு வயதுக்குள் 'பெரா' என்ற காதுப் பரிசோதனை இரண்டு முறை செய்தோம். நன்றாகக் கேட்கிறது. நான் கூப்பிடும்போது மட்டும் கேட்பதில்லை.

போதும், பேச்சை நிறுத்துகிறேன். மேசைமேல் பாத்திரங்களும் இரண்டு பைகளும் இருக்கின்றன. ஒன்றில் புளியங்கொட்டை, மற்றதில் வெள்ளை மொச்சை. ஐந்து பேர் ஒரு குழு. பாத்திரத்தில் 160 புளியங்கொட்டையை எண்ணிப் போடுங்கள். கண்ணை மூடிப் பத்து எடுங்கள், பத்து மொச்சை போடுங்கள், நன்றாகக் குலுக்குங்கள். எடுத்ததில் எத்தனை மொச்சை என்று ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் எழுதிக்கொண்டே வர வேண்டும், அந்தச் செவிலியர் எழுதியது போல. மூன்றாம் நான்காம் சுற்றில் யாராவது ஒருவர் முணுமுணுப்பார். என் வகுப்பில் ஒரு சிறுமி சொன்னாள்: "சார், நாம போட்ட மொச்சையையே நாம திருப்பி எடுத்துக்கிட்டு இருக்கோம்!" அவள் அப்போது ஏழாம் வகுப்பு. சூத்திரம் எதுவும் தெரியாது.

பதினாறு சுற்று முடிந்ததும் மிச்சப் புளியங்கொட்டையை எண்ணுங்கள். 57-க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒரு குழுவுக்கு 52 வரும், இன்னொன்றுக்கு 61 வரும்; பதறாதீர்கள், எல்லாக் குழுக்களின் சராசரியையும் கரும்பலகையில் போடுவோம். முப்பத்திரண்டில் 20 அளவில் நிற்கும். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சுற்றுகளை மட்டும் எண்ணச் சொல்லி இதை விளையாட்டாகவே வைத்துக்கொள்ளலாம். முன்வரிசையில் இருப்பவர்கள் முதலில் வாருங்கள். பாத்திரம் ஆறுதான் இருக்கிறது.